தொடக்க உதையும் காப்போர் ஒழுங்கும்

அமெரிக்க உதைபந்தாட்டம் பெயரளவில் உதைபந்தாட்டமாயினும், அதிற் பந்து பெரும்பாலும் கையாலேயே ஆளப்படுவது. ஆயினும், ஆட்டத்தின் ஒவ்வோர் அரைப்பகுதித் தொடக்கத்திலும், ஓரணி புள்ளி ஈட்டிய பின்னரும் பந்து எதிரணியை நோக்கி உதைத்தனுப்பப்படும். இதுவே தொடக்க உதை. பந்தை ஏந்தியவன் அதனைக் கொண்டு உதைத்தவரின் எல்லையை நோக்கி ஓடுவான். அவனை விரைந்து வீழ்த்துதல் உதைத்த அணியினர் பதினொருவரின் கடமையாம்.

இக்கடமையைக் கற்பிக்கும் பயிற்றுநர் முதற்கண் வலியுறுத்துவது வேகமன்று, ஒழுங்கே. மைதானத்தின் அகலம் 53 யாருக்குச் சற்று அதிகம். அவ்வகலம் பங்கிடப்பட்டு ஒவ்வொருவனுக்கும் ஒரு வழி உரித்தாக்கப்படும். மறிக்க வருபவனை விலக்கியபின் அவன் மீண்டும் தன் வழியையே அடைதல் வேண்டும். ஓரங்களில் ஓடுவோர், பந்துடையான் தம்மைச் சுற்றிப் புறத்தே செல்லாவண்ணம் அவனை உள்ளே திருப்புவர். நடுவிலுள்ளோர் அவனை நெருக்குவர். உதைத்தவன் பின்னே நின்று இறுதிக் காவலாவான். பந்துடையானை அணுகியதும் அடிகளைக் குறுக்கி நிதானித்தலும், தலையைத் தாழ்த்தாது தோளாற் பற்றுதலும் இடைவிடாப் பயிற்சியால் வருவன.

இவ்வொழுங்கு குலைந்தால் விளைவது யாது? 2000ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் நாஷ்வில் நகரில் நடந்த ஆட்டம் அதனைக் காட்டிற்று. பஃபலோ பில்ஸ் அணி 16–15 என முன்னின்றது. எஞ்சியவை 16 செக்கன்களே. அவ்வணியின் உதையை டென்னசி டைற்றன்ஸ் அணியினர் ஏற்றனர். பந்து பிராங் வைச்செக் கையை அடைந்தது. அவர் வலப்புறம் ஓடவே, காப்போர் பலரும் அப்புறம் திரண்டனர். உடனே அவர் மறுபுறத்தே நின்ற கெவின் டைசனுக்குப் பந்தை எறிந்தார். காவலற்ற அவ்வழியே டைசன் 75 யார் ஓடி எல்லையை அடைந்தார். டைற்றன்ஸ் 22–16 என வென்றது.

வெற்றி தோல்வியினும் பெரிதொன்றும் இங்குண்டு. நெடுந்தொலைவு முழுவேகத்தில் ஓடி வருவோர் மோதுங்கால் உடலுக்கு நேரும் ஊறு கொடிது. 2010 ஒக்டோபரில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக வீரர் எரிக் லெக்ராண்ட், தொடக்க உதையில் எதிரியை வீழ்த்த முயன்றபோது முள்ளந்தண்டிற் காயமுற்று உடலியக்கம் இழந்தார். தொழில்முறை ஆட்டத்தை நடத்தும் தேசிய உதைபந்தாட்ட லீக்கும் இவ்வபாயம் கருதி விதிகளை மாற்றிவந்தது. 2011இல் உதைக்கும் இடம் 30 யார்க் கோட்டிலிருந்து 35இற்கு முன்னகர்த்தப்பட்டது. 2024இல், உதைப்பவன் ஒழிந்த பதின்மரும் எதிரணியின் 40 யார்க் கோட்டில் நிற்றல் வேண்டும் என்றும், பந்து நிலத்தில் வீழ்ந்தோ ஒருவன் கைப்பட்டோ ஆகுமுன் அசையலாகாதென்றும் விதிக்கப்பட்டது.

இதனால் ஓட்டத்தின் தொலைவு சுருங்கிற்று. பயிற்றுநரின் பாடமோ மாறவில்லை. பந்து செல்லுமிடமெல்லாம் ஓட விழையும் இளைஞனைத் தன் வழியில் நிலைபெறச் செய்தலும், அவனை ஊறின்றி வீடு திரும்பச் செய்தலுமே அப்பாடத்தின் பயனாகும்.