தந்தையின் மன்றாட்டமும் பிள்ளையின் புதுத் தோலும்

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜேர்மனியின் பொக்கும் நகரச் சிறுவர் மருத்துவமனையில் 7 வயதுச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டான். சிரியாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தின் பிள்ளை அவன். உடலின் மேற்றோலில் 60 வீதமளவு கழன்று போயிருந்தது. ஆறாத புண்களில் கிருமிகள் தொற்றியிருந்தன.

எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்பது அந்நோயின் பெயர். மேற்றோலை அடித்தோலுடன் பிணைக்கும் புரதம் பரம்பரையலகுக் குறைபாட்டினால் சரிவர உருவாவதில்லை. இதனால் இலேசான உரசலிலேயே தோல் கொப்புளித்து உரிந்துவிடும்.

மருந்துகள் பயனளிக்கவில்லை. தந்தையின் தோலை எடுத்து ஒட்டினர். பிள்ளையின் உடல் அதனை ஏற்கவில்லை. இனி வேதனையைத் தணிப்பதொன்றே வழி என மருத்துவர்கள் எண்ணினர். தந்தையோ, வேறு வழியேதும் உண்டா என்று தேடிப் பார்க்குமாறு மன்றாடினார்.

தேடிய மருத்துவர்கள், இத்தாலியின் மொடேனா நகரில் ஆய்வு நடத்திவந்த பேராசிரியர் மிக்கேலே டி லூக்காவைக் கண்டறிந்தனர். தனி அனுமதி பெறப்பட்டது. சிறுவனின் உடலில் கொப்புளமற்ற ஓரிடத்திலிருந்து 4 சதுர சென்ரிமீற்றர் தோல் வெட்டியெடுக்கப்பட்டது. தீங்கு நீக்கிய வைரஸ் ஒன்றின் துணையுடன் அதன் உயிர்க்கலங்களுக்குள் குறையற்ற பரம்பரையலகு செலுத்தப்பட்டது. பின்னர் அக்கலங்கள் ஆய்வுகூடத்தில் மெல்லிய தோற்படலங்களாக வளர்க்கப்பட்டன.

2015 ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் 2016 ஜனவரியிலும் அவை பொக்குமில் சத்திரசிகிச்சை மூலம் பொருத்தப்பட்டன. உடலின் 80 வீதத் தோல் புதிதாயிற்று. தன் சொந்தக் கலங்களிலிருந்து வளர்ந்த தோலாதலால் உடல் அதனை நிராகரிக்கவில்லை. பெப்ரவரியில் வீடு திரும்பிய சிறுவன் பாடசாலைக்கும் சென்றான். 2017 நவம்பரில் 'நேச்சர்' சஞ்சிகை இதனை வெளியிட்டது. ஐந்து ஆண்டுகளின் பின்னரும் அத்தோல் உறுதியாக இருந்ததாக 2021இல் மருத்துவர்கள் அறிவித்தனர். மேற்றோல் ஏறத்தாழ மாதமொரு முறை உதிர்ந்து புதிதாவது. ஒட்டிய தோலில் மூலக்கலங்களும் இருந்தமையாலேயே அது நிலைத்தது.

எல்லாப் புண்களுக்கும் இச்சிகிச்சை பொருந்தும் என நாம் எண்ணிவிடலாகாது. எனினும் நாம் கற்கவேண்டியவை இரண்டு உள.

இந்நோயின் இவ்வகை, தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் குறைபாட்டினால் வருவது. அத்தகைய பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் ஏற்பட நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. மச்சான் மச்சாள் உறவில் மணம் முடிப்போரிடையே இவ்வாபத்து அதிகம். இது எவர் செய்த பாவத்தின் பலனுமன்று. தாயைக் குறைகூறுவதும் பிள்ளையை மறைத்து வைப்பதும் அறியாமையே. அத்தகைய குடும்பங்கள் பரம்பரைநோய் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று.

மற்றையது, கேட்பது. மொழி சரளமாக வராதென்பதற்காக மருத்துவர் முன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்புவோர் நம்மில் எத்தனை பேர்! மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வோம். விளங்காததை மீண்டும் கேட்போம். வேறு வழி உண்டா என்று கேட்க அகதிக்கும் உரிமை உண்டு. அத்தந்தை கேட்டார், பிள்ளை பிழைத்தான்.