வெள்ளச் சேற்றுக் கிருமி: காவல் உயிரணுவையே கொல்லும் நஞ்சு

ஜொகூருக்கு வெள்ளம் புதிதல்ல. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியது. 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பஹாட் வட்டாரங்கள் தத்தளித்தன. தண்ணீர் வடிந்ததும் வெறுங்காலோடு வீட்டைக் கழுவுவதும், மறுநாளே செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் இறங்குவதும் நம்மவர்களுக்குப் பழகிப்போனவை.

நம் நாட்டு ஈரமண்ணில் 'பர்கோல்டேரியா சூடோமாலி' என்ற பாக்டீரியா வாழ்கிறது. கால் வெடிப்பு, கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உடலுக்குள் புகுந்தால் மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும். எலிக்காய்ச்சலை அறிந்தவர்கள்கூட இதன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பது அபூர்வம். இத்தனைக்கும் 1912-இலேயே ரங்கூனில் மருத்துவர் விட்மோரும் சி.எஸ்.கிருஷ்ணசாமியும் இந்நோயைப் பற்றி எழுதிவிட்டார்கள். அடுத்த ஆண்டே கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் சோதனை விலங்குகளிடையே அது பரவியது. 2010-இல் பகாங், லுபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடும் பணியையொட்டி நோய் பரவி, எட்டுப் பேர் இறந்தனர்.

இந்தக் கிருமி ஏன் இவ்வளவு கொடியது?

நம் உடலில் 'மேக்ரோஃபேஜ்' என்ற காவல் உயிரணுக்கள் இருக்கின்றன. கிருமியைக் கண்டால் விழுங்கி, ஒரு பைக்குள் அடைத்துச் செரித்துவிடுவது அவற்றின் வேலை. பர்கோல்டேரியாவையும் அப்படித்தான் விழுங்குகின்றன. ஆனால் இது ஊசி போன்ற ஓர் உறுப்பின் உதவியால் பையைக் கிழித்து வெளியேறி, காவல்காரனின் வயிற்றுக்குள்ளேயே பெருகத் தொடங்குகிறது. பக்கத்து உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, வெளியே தலைகாட்டாமலே பரவுகிறது.

கொல்லும் வழிகளில் ஒன்று, 2011-இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளிவந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு நம் மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து கண்டறிந்த நஞ்சு அது. பெயர் 'பர்கோல்டேரியா லீத்தல் ஃபேக்டர் 1'. உயிரணு வாழப் புரதம் வேண்டும். புரதம் செய்வதற்கான கட்டளை, சுருண்டு மடங்கிய நாடாவாக வருகிறது. அதைப் பிரித்துக் கொடுப்பது 'இஐஎஃப்4ஏ' என்ற புரதம். நஞ்சு அந்தப் புரதத்தின் 339-ஆவது கண்ணியில் மட்டும் சிறு மாற்றம் செய்கிறது. அவ்வளவுதான். நாடா பிரியாது, புரத உற்பத்தி நிற்கும், உயிரணு சாகும். இந்த நஞ்சைச் செலுத்திய எலிகளும் இறந்தன.

இன்னொரு விதமான சாவும் உண்டு. கிருமி உள்ளே நுழைந்ததை உணர்ந்த உயிரணு, தானே வெடித்து அபாய மணி அடிக்கும். தொடக்கத்தில் இது நல்லதுதான். கிருமியின் ஒளிவிடம் அழிகிறது, மற்ற காவலர்கள் ஓடிவருகிறார்கள். அளவு மீறினால் அழற்சி உடலெங்கும் பரவி, இரத்த அழுத்தம் சரிந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும்.

நம் சமூகம் கவலைப்படவேண்டிய இடம் இனிப்புநீர். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவரின் காவல் உயிரணுக்கள் கிருமியிடம் போய்ச் சேர்வதிலும் அதைக் கொல்வதிலும் மந்தமாகின்றன. மெலியோய்டோசிஸ் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுக்காரர்கள் என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன.

அறிகுறி பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் தெரியும்: விடாத காய்ச்சல், இருமல், சீழ்க்கட்டி. காசநோய் என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழித்து நோய் தலைகாட்டியதாக மருத்துவப் பதிவு இருக்கிறது.

தடுப்பூசி இன்னும் இல்லை. நீரிழிவு உள்ளவர் சேற்றில் இறங்கினால் பூட்ஸும் கையுறையும் வேண்டும். புண்ணை மூடிக்கொள்ள வேண்டும். காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போனால், சேற்றில் வேலை செய்ததையும் சர்க்கரை இருப்பதையும் மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது நல்லது. இரத்தத்தைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் கிருமி பிடிபடும். சிகிச்சையில் குறைந்தது 10 முதல் 14 நாள் நரம்பு வழி மருந்து, அதன்பின் மூன்று மாதமாவது மாத்திரை. உடம்பு தேறிவிட்டதென்று மாத்திரையை இடையில் நிறுத்தியவர்களிடம் நோய் திரும்பி வந்திருக்கிறது.