37 டிகிரிப் பெட்டியும் மே மாத வெயிலும்

ஆய்வகத்துக்கு இன்குபேட்டர் வாங்கப் போகிறவர்கள் விலைப்பட்டியலில் முதலில் தேடுவது கொள்ளளவையும் விலையையும்தான். அதே பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'வெப்பநிலை வரம்பு: அறை வெப்பநிலைக்கு 5 டிகிரி மேலிருந்து 70 டிகிரி வரை'. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

சாதாரண இன்குபேட்டர் எளிய கருவி. வெப்பம் வெளியேறாதபடி சுவர் அமைத்த ஒரு பெட்டி, உள்ளே ஹீட்டர், வெப்பநிலையைக் கண்காணிக்கும் உணரி. 37 டிகிரியை எட்டியதும் மின்சாரம் நிற்கும். சுவர் வழியாகக் கொஞ்சம் சூடு கசிந்ததும் மறுபடி ஓடும். சூடேற்ற அதற்குத் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. வெளியே 25 டிகிரி என்றால் கசிவு சீராக நடக்கும், பெட்டியும் 37-இல் நிற்கும். வெளியே 36 டிகிரி என்றால் உள்ளே இருக்கும் சூடு போவதற்கு இடமில்லை. விசிறியின் மோட்டார் வேறு தன் பங்குக்குச் சூடேற்றிக்கொண்டிருக்கும். ஹீட்டர் முழுவதும் அணைந்த நிலையிலேயே பெட்டி 39, 40 என்று ஏறும்.

அறையில் ஏ.சி. இருக்கிறதே என்பார்கள். மாலையில் ஆய்வகத்தைப் பூட்டும்போது அதை அணைத்துவிடுவது பல இடங்களில் வழக்கம். பாக்டீரியா வளர்வதோ பெரும்பாலும் நாம் வீட்டுக்குப் போன பிறகு. எனவே நம் ஊரில் 37 டிகிரி வேலைக்குக்கூடக் கம்ப்ரசர் வைத்த, குளிரூட்டவும் தெரிந்த இன்குபேட்டரை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. 25 டிகிரி வாக்கில் வளர்க்க வேண்டிய பூஞ்சைகளுக்கு அது இல்லாமல் முடியவே முடியாது.

இந்திய ஆய்வகங்களில் இந்தக் குளிரூட்டும் வகைக்கே 'பி.ஓ.டி. இன்குபேட்டர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. உள்ளே வளர்வது பூஞ்சையாக இருந்தாலும் அதே பெயர்தான். காரணம், கழிவுநீர்ப் பரிசோதனை. ஆற்றில் கழிவு கலந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அவற்றுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவே பி.ஓ.டி. காற்றுக்குமிழி இல்லாமல் 300 மில்லி புட்டியில் நீரை நிரப்பி, இறுக மூடி, இருட்டில் வைப்பார்கள். வெளிச்சம் பட்டால் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைத் திருப்பிக் கொடுத்துவிடும். வைக்கும் நாளிலும் எடுக்கும் நாளிலும் ஆக்சிஜனை அளந்தால் வித்தியாசம் தெரியும்.

இந்தச் சோதனை பிரிட்டனில் வடிவம் பெற்றது. கழிவுநீர் அகற்றலை ஆராய 1898-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1912-இல் தந்த அறிக்கையில் 5 நாள், 65 டிகிரி பாரன்ஹீட் என்ற அளவு வந்தது. நம் கணக்கில் 18.3 டிகிரி செல்சியஸ், அந்த நாட்டின் கோடைக்குப் பொருத்தமான சூடு. பிரிட்டனின் ஆற்றுநீர் கடலைச் சேர 5 நாளுக்கு மேல் ஆகாது என்பதால் அந்தக் கால அளவு வைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். பின்னாளில் அது 20 டிகிரி என்று உலகெங்கும் பரவியது. நம் ஆறுகள் அவ்வளவு குளிர்ந்தவை அல்ல. இந்தியத் தர நிர்ணயம் 27 டிகிரியில் 3 நாள் என்ற முறையை ஏற்றுக்கொண்டது. சூடு கூடினால் நுண்ணுயிர்களின் வேகமும் கூடும் என்பதால் 3 நாளில் கிடைக்கும் அளவு பழைய 5 நாள் அளவுக்கு ஏறக்குறைய இணையாக வரும். செவ்வாய்க்கிழமை வைத்த புட்டியை ஞாயிற்றுக்கிழமை வந்து திறக்க வேண்டிய தொல்லையும் போயிற்று.

பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் இதற்கு என்ன வேலை? வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் இந்தச் சிதைவின் வேகம் சுமார் 5 சதவீதம் கூடும். ஆற்றிலும் ஏரியிலும் விடும் கழிவுநீருக்குச் சட்டம் விதித்திருக்கும் பொது வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். 27 டிகிரியில் 28 என்று காட்ட வேண்டிய நீர், 3 டிகிரி கூடிய பெட்டியில் 30-ஐத் தாண்டிவிடக்கூடும். பெட்டி குளிர்ந்துபோனால் தவறு எதிர்ப்பக்கம் நடக்கும். வரம்பு மீறிய ஆலை தப்பித்துவிடும். ஆற்றோரம் வாழ்கிறவர்களுக்கு இதில் இரண்டாவது தவறுதான் கொடியது.

குடிநீர்ப் பரிசோதனை இன்னும் கறாரானது. மலத்திலிருந்து வரும் கோலிபார்ம் பாக்டீரியாவை மற்ற கோலிபார்ம்களிலிருந்து பிரித்தறிய 44.5 டிகிரியில் வளர்ப்பார்கள். மண்ணிலும் செடிகொடியிலும் வாழும் அதன் உறவுக்கார இனங்களில் பெரும்பாலானவை அந்தச் சூட்டில் வளர்வதில்லை. வெப்பரத்தப் பிராணிகளின் குடலுக்குப் பழகியது வளரும். சூட்டை வைத்துப் பிரிக்கலாம் என்று 1904-இல் காட்டியவர் கிறிஸ்டியான் ஐக்மான். பெரிபெரி நோய் பற்றிய ஆய்வுக்காக 1929-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் அவரே. இங்கே அனுமதிக்கப்படும் பிசகு 0.2 டிகிரி மட்டும். கதவைத் திறந்து மூடினாலே சாதாரணக் காற்றுப் பெட்டி அதைவிட அதிகம் ஆடும். அதனால் இந்தச் சோதனைக்கு வெந்நீர்த் தொட்டியைத்தான் நம்புகிறார்கள். விலை உயர்ந்த இன்குபேட்டரைவிட மூடி போட்ட ஒரு தண்ணீர்த் தொட்டி சரியான தேர்வாக இருக்கும் இடமும் உண்டு.

விசிறி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும். விசிறி உள்ள பெட்டியில் எல்லாத் தட்டிலும் சூடு ஒரே சீராக இருக்கும், கதவைத் திறந்தபின் விரைவில் மீளும். ஆனால் அகர் காயும், பூஞ்சை வித்துகள் பரவும். விசிறி இல்லாததில் மேல்தட்டு சூடாகவும் கீழ்த்தட்டு குளிர்ந்தும் இருக்கும். பல வாரம் வைத்திருக்கும் வளர்ப்புகளுக்கு விசிறி இல்லாததே மேல்.

மனித செல்களை வளர்க்கும் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் வேறு வகை. வளர்ப்பு நீர்மத்தில் பைகார்பனேட் இருக்கும். அதற்கு மேலுள்ள காற்றில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் அமில-கார அளவு (pH) 7.4-ஐ ஒட்டி நிற்கும். இது கடல் மட்டக் கணக்கு. சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்குதான். நீரில் எவ்வளவு வாயு கரையும் என்பதைச் சதவீதத்தோடு சேர்த்து அழுத்தமும் தீர்மானிக்கிறது. சென்னையில் 5 சதவீதம் செய்யும் வேலையை மலையில் செய்ய 6 சதவீதத்துக்குச் சற்று மேல் தேவைப்படும். கருவி தன் உயரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறதா என்று மலைப்பகுதி ஆய்வகங்கள் விற்பவரைக் கேட்டே ஆக வேண்டும்.

இந்த வகையில் வாயுவை அளக்கும் உணரியும் இரண்டு விதம். வெப்பக் கடத்துதிறனை வைத்து அளப்பது மலிவு, ஆனால் ஈரப்பதம் மாறும்போது ஏமாறும். அகச்சிவப்பு உணரி அப்படி ஏமாறுவதில்லை. ஒரு நாளில் பலமுறை கதவு திறக்கும் ஆய்வகத்துக்குக் கூடுதல் விலை கொடுத்தாவது இரண்டாவதை வாங்கலாம்.

மின்வெட்டு உள்ள ஊரில் சுவருக்குள் தண்ணீர் நிரம்பிய வகை உதவும். மின்சாரம் போனபின்னும் நெடுநேரம் சூடு இறங்காது. ஆனால் உட்புறத்தை 180 டிகிரிக்குச் சூடேற்றிக் கிருமி நீக்க அதில் வழியில்லை. செல் வளர்ப்புக்கு ஈரம் வேண்டும், ஈரம் இருக்கும் இடத்தில் பூஞ்சையும் வரும். நம்பகமான ஜெனரேட்டர் இருந்தால் நான் சூடேற்றிச் சுத்தம் செய்யும் வகையையே தேர்ந்தெடுப்பேன்.

கடைசியாக, முகப்பில் ஒளிரும் எண். அது உணரி இருக்கும் ஒரு புள்ளியின் வெப்பநிலை மட்டுமே. விலைப்பட்டியலில் தரும் சீர்மை அளவுகளும் பெரும்பாலும் காலிப் பெட்டியில், குளிர்ந்த அறையில் எடுத்தவை. வாங்கும் ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை எழுதிவிடலாம்: உங்கள் அறையில், ஏ.சி.யை அணைத்துவிட்டு, தட்டுகளை முழுக்க அடுக்கி, எட்டு மூலையிலும் நடுவிலும் உணரி வைத்து, ஓர் இரவும் பகலும் அளந்து காட்ட வேண்டும். முடிந்தால் ஏப்ரல், மே மாதத்தில். பாக்கித் தொகையை அந்த அளவீடு கைக்கு வந்தபின் கொடுத்தால் போதும்.