கேபிளின் உள்ளே இருப்பது செம்பா?

கடைக்குக் கமெரா, வீட்டுக்கு டிஷ், பள்ளிவாசலில் பெண்கள் பகுதிக்கு பயானைக் காட்டும் திரை என்று எதை எடுத்தாலும் அதன் பின்னால் ஒரு கேபிள் ஓடுகிறது. கமெராவின் விலையை நாலு கடைகளில் விசாரிப்பவர்கள்கூட, கேபிளை மட்டும் "விலை குறைந்ததில் ஒரு ரோல் தாங்க" என்று வாங்கிச் செல்வதை இரத்தோட்டையில் நான் அன்றாடம் காண்கிறேன்.

எமது பகுதியில் ஒரு பள்ளிவாசலில் கமெராவிலிருந்து பெண்கள் பகுதிக்கு சுமார் 90 மீற்றர் கேபிள் இழுத்து, சுவருக்குள் பதித்துப் பூசிவிட்டார்கள். நோன்பு மாதத்தில் பயான் நடக்கும்போது திரை அடிக்கடி கறுத்துப் போனது. கமெராவை மாற்றினார்கள், திரையை மாற்றினார்கள். கடைசியில் சுவரை உடைத்துப் பார்த்தால் கேபிளின் நடுக்கம்பி செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். ஊர் மக்கள் கொடுத்த பணம் வீணாயிற்று.

பழைய அனலொக் முறையில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும். ஆனாலும் ஏதோ தெரியும். டிஜிட்டலில் அப்படியல்ல. ஒரு எல்லை வரை படம் பளிச்சென்று இருக்கும். எல்லையைத் தாண்டினால் ஒன்றுமே வராது. எனவே இன்று படம் நன்றாக வருகிறது என்பதை வைத்துக் கேபிள் நல்லது என்று முடிவு செய்ய முடியாது. எல்லையின் ஓரத்தில் நிற்கும் கேபிள், ஒரு மழைக்கோ தளர்ந்த ஒரு இணைப்புக்கோ தோற்றுவிடும்.

சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிளை 10, 15 மீற்றருக்கு மேல் நம்ப முடியாது. அதனால்தான் தூரத்துக்கு எஸ்.டி.ஐ. முறையில் கோஎக்சியல் கேபிள் போடுகிறார்கள். எச்.டி. படத்துக்கு இதில் செக்கனுக்கு 1.485 ஜிகாபிட் ஓடுகிறது. முழுச் செம்பாலான தரமான ஆர்.ஜி. 6 கேபிளில் இது ஏறத்தாழ 100 மீற்றர் போகும். இரட்டை வேகமான 3ஜி எஸ்.டி.ஐ. என்றால் 70, 80 மீற்றர்தான். மெல்லிய ஆர்.ஜி. 59 இன்னும் குறைவு, தடித்த ஆர்.ஜி. 11 கூடுதலாகப் போகும். எந்தக் கேபிளானாலும் சொல்லப்படும் தூரத்தில் முக்கால் பங்கை மட்டும் கணக்கில் எடுங்கள். 200 மீற்றரைத் தாண்டினால் ஃபைபர் போடுவதே புத்தி.

டிஷ்ஷுக்கு விற்கும் கேபிள்கள் பலவற்றில் நடுவில் இரும்புக் கம்பியும் மேலே செம்புப் பூச்சும் இருக்கும். உயர் அலைவரிசையில் மின்சாரம் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால் குறுந்தூர டிஷ்ஷுக்கு அது போதும். ஆனால் டிஷ் தலைக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் அதே கம்பியில்தான் போகிறது. தூரம் கூடினால் வோல்ட் குறையும். கமெராவுக்கும் எஸ்.டி.ஐ.க்கும் முழுச் செம்பே வேண்டும்.

வாங்கும்போது நான்கு விடயங்களைப் பாருங்கள். ஒன்று, நடுக்கம்பியில் காந்தத்தை வையுங்கள், ஒட்டினால் இரும்பு. இரண்டு, பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு அல்ல. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, ஆகவே இரண்டு சோதனையும் தேவை. மூன்று, வெளி வலைப்பின்னல் நெருக்கமாக இருக்க வேண்டும். நான்கு, கேபிளில் 75 ஓம் என்று இருக்க வேண்டும்; வானொலிக் கருவிகளுக்கான 50 ஓம் கேபிள் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும்.

நக்கிள்ஸ் அடிவாரத்தில் மழைக்குக் குறைவில்லை. வெளியே போடுவதாயின் வெளிப்பாவனைக்குரிய உறையுள்ள கேபிளை எடுங்கள். இணைப்புகளுக்குள் நீர் புகாமல் அடையுங்கள். சுவரில் பதிப்பதாயின் நேரடியாகப் பூசாமல் குழாய்க்குள் விடுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே உலர்ந்த தானியத்தையும் உள்ளே நனைந்ததையும் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் எல்லோரும் அறிந்தது. மேலே செம்பு, உள்ளே அலுமினியம் என்பதும் அதுவே. மலிவான கேபிளை விற்பது குற்றமல்ல. அது என்னவென்று சொல்லி விற்க வேண்டும். பில்லில் "முழுச் செம்பு" அல்லது "செம்புப் பூச்சு" என்று எழுதிக் கொடுங்கள். வாங்குபவர்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.