மோதிய வாகனம் எது? சாட்சி சொல்ல வரும் தலைக்கவசக் கேமரா

புது தில்லி: ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இந்தியா கேட், லோதி சாலை, சாணக்கியபுரி பகுதிகளில் அணி அணியாகச் செல்லும் சைக்கிள் ஓட்டிகளைக் காணலாம். அவர்களில் சிலரது தலைக்கவசத்தின் உச்சியில் தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா பொருத்தப்பட்டிருக்கும். பயணத்தைப் படம் பிடித்து நண்பர்களுக்குக் காட்டுவதற்காகவே பலரும் இதை வாங்கினர். இப்போது வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஏதேனும் ஒரு வாகனம் மோதிவிட்டு நிற்காமல் போனால், அது எந்த வாகனம் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்பதே அது.

இந்த அச்சம் காரணமற்றது அல்ல. 2013 அக்டோபரில் இதேபோன்றதொரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் தலைமை இயக்குநர் சுனிதா நாராயண், லோதி தோட்டத்தை நோக்கி சைக்கிளில் சென்றபோது எய்ம்ஸ் மருத்துவமனை அருகே கார் மோதிப் படுகாயமடைந்தார். மோதிய கார் நிற்கவில்லை. அவ்வழியே வந்த ஒருவர்தான் அவரை மருத்துவமனையில் சேர்த்தார். 2024 பிப்ரவரியில் நவி மும்பை பாம் பீச் சாலையில், இன்டெல் நிறுவனத்தின் இந்தியப் பிரிவு முன்னாள் தலைவர் அவதார் சைனி (68) வாடகைக் கார் மோதி உயிரிழந்தார். அவர் தனியாகச் செல்லவில்லை, சக சைக்கிள் ஓட்டிகளுடன் சென்றிருந்தார். காரின் முன் சக்கரத்தில் சைக்கிள் சிக்கிக்கொண்ட நிலையில், ஓட்டுநர் தப்ப முயன்றதாகத் தெரிவிக்கப்பட்டது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். இவர்களில் சைக்கிள் ஓட்டிகள் ஏறத்தாழ 4,800 பேர். அதே ஆண்டில், மோதிய வாகனம் நிற்காமல் சென்ற விபத்துகள் மட்டும் 67,387. அவற்றில் இறந்தவர்கள் 30,486 பேர்.

இரண்டு லட்சமும் முப்பத்தெட்டு லட்சமும்: கேமராவால் என்ன பயன் என்ற கேள்விக்கு விடை, விபத்துக்குப் பிந்தைய இழப்பீட்டுக் கணக்கில்தான் தெளிவாகத் தெரிகிறது.

மோதிய வாகனம் அடையாளம் காணப்படாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆவது பிரிவின் கீழ் இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை ரூ. 2 லட்சம். கொடுங்காயம் அடைந்தவருக்கு ரூ. 50 ஆயிரம். 2022 ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முன்பு இது முறையே ரூ. 25 ஆயிரம், ரூ. 12,500 என்ற அளவிலேயே இருந்தது. இந்தச் சொற்பத் தொகையைக்கூடப் பெரும்பாலோர் கேட்டுப் பெறுவதில்லை. 2022-23 நிதியாண்டில் இத்திட்டத்தின் கீழ் நாடு முழுவதிலுமிருந்து வந்த மனுக்கள் வெறும் 205 என்பதை 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஒரு மாதத்துக்குள் வாகனத்தைக் கண்டறிய முடியாவிட்டால், இப்படியொரு இழப்பீட்டுத் திட்டம் இருப்பதைப் பாதிக்கப்பட்டோருக்குக் காவல் நிலையமே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் அப்போது உத்தரவிட்டது.

வாகனத்தின் பதிவெண் தெரிந்துவிட்டால் கணக்கு அடியோடு மாறிவிடும். எல்லா மோட்டார் வாகனங்களுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாம். ஓர் உதாரணம்: மாதம் ரூ. 18 ஆயிரம் சம்பாதிக்கும் 30 வயதுத் தொழிலாளி இறந்துவிடுகிறார். மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருப்பவர்கள். உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்தளித்த முறைப்படி, எதிர்கால வருவாய் உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்கப்படும். அவரது சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கு கழிக்கப்படும். வயதுக்கு உரிய பெருக்கல் எண் 17. இவ்வாறு கணக்கிட்டால் வருவாய் இழப்புக்கு மட்டும் வருவது ரூ. 38 லட்சத்து 55 ஆயிரத்து 600.

இத்தனை பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் பதிவெண் பலகையில் உள்ள நான்கு இலக்கங்களும் சில எழுத்துகளும்தான். அடிபட்டு வீழ்ந்தவரால் அதைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ள முடியாது. பார்த்தவர்கள் காவல் நிலையத்துக்கு வரத் தயங்குவர். அந்த இடத்தைத்தான் கேமரா நிரப்புகிறது.

இழப்பீட்டு வழக்கில் இன்னொரு வசதியும் உண்டு. குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கத் தேவையில்லை. நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். உச்ச நீதிமன்றம் 2009-இல் பிம்லா தேவி வழக்கில் இதை வலியுறுத்தியுள்ளது. எனவே, தெளிவு சற்றுக் குறைந்த விடியோ பதிவும் தீர்ப்பாயத்தில் கைகொடுக்கக்கூடும்.

நீதிமன்றம் ஏற்குமா?: விடியோ கையில் இருப்பது வேறு, அது நீதிமன்றத்தில் சாட்சியமாவது வேறு. பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலுக்கு உரிய சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். இது கட்டாயம் என்பதை 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால், பதிவு செய்த கருவியையே அதன் உரிமையாளர் நேரில் கொண்டுவந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் இதற்குரியது 63-ஆவது பிரிவு. சான்றிதழ் இப்போது இரு பகுதிகளாக உள்ளது. ஒன்றில் கருவியை வைத்திருப்பவரும், மற்றொன்றில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பு திருத்தப்படவில்லை என்பதைக் காட்டும் 'ஹாஷ்' குறியீடும் அதில் குறிப்பிடப்பட வேண்டும்.

இங்குதான் பலர் இடறுகின்றனர். விபத்து நடந்த அன்றே விடியோவை வெட்டி ஒட்டி, வட்டமிட்டு, வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுகின்றனர். அப்படி அனுப்பும்போது கோப்பு சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடுகிறது. மூலப் பதிவு இருக்கும் மெமரி கார்டை அப்படியே கேமராவில் விட்டுவிட்டால், சுழற்சி முறையில் பதிவு செய்யும் கருவிகளில் அடுத்தடுத்த பயணங்கள் பழையவற்றின் மீது பதிவாகி அழித்துவிடும். கேமராவின் கடிகாரம் தவறாக இருப்பதும் சாதாரணமாகக் காணப்படும் குறை. எதிர்த்தரப்பு வழக்குரைஞர் முதலில் கை வைக்கும் இடமும் அதுவே. கார்டைத் தனியே எடுத்துப் பத்திரப்படுத்துவது, மிகச் சிறிய வேலையானாலும், கேமராவின் விலையைவிட மதிப்புள்ளது.

காலமும் முக்கியம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பதிவெண் அதற்கு முன்பே கிடைத்துவிட்டால், வாகனத்தை ஓட்டியவர் யார் என்ற தகவலைத் தருமாறு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆவது பிரிவின் கீழ் உரிமையாளரிடம் போலீஸார் கேட்க முடியும். சொல்ல மாட்டேன் என்று அவர் மறுக்க இயலாது.

மோதாமல் உரசிச் சென்றவர்: விபத்து நேராமல், கைப்பிடியை உரசுவது போலக் கடந்து சென்ற பேருந்தைப் பற்றி விடியோவுடன் புகார் கொடுத்தால் என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்குப் பிரிட்டனில் ஒரு விடை உண்டு. அங்கு வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸார் 2016-இல் சைக்கிள் ஓட்டிகளை நெருக்கிச் செல்லும் வாகனங்கள் மீது தனி நடவடிக்கை தொடங்கினர். வேல்ஸில் 'ஆபரேஷன் ஸ்னாப்' என்ற பெயரில் பொதுமக்களின் விடியோக்களை இணையம் வழியாகவே பெற்று வழக்குத் தொடரும் முறை வந்தது. பின்னர் அது பிற பகுதிகளுக்கும் பரவியது.

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. திறமையும் கவனமும் உள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்க்கப்படும் தரத்துக்கு மிகக் கீழாக வாகனம் ஓட்டுவது ஆபத்தான ஓட்டுதல் என்று 2019-இல் திருத்தப்பட்ட 184-ஆவது பிரிவு கூறுகிறது. முதல் குற்றத்துக்கே ரூ. 1,000 முதல் ரூ. 5,000 வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ விதிக்கலாம். ஆனால், கேமரா மூலம் போக்குவரத்து விதிமீறலைப் பதிவு செய்வதற்கென 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 167-ஏ விதி, அரசுத் தரப்புக் கருவிகளை மனதில் கொண்டு எழுதப்பட்டது. உடலில் அணியும் கேமராவும் அதில் இடம்பெற்றுள்ளது என்றாலும், கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும். தனி நபரின் தலைக்கவசக் கேமராவுக்கு அது எங்கிருந்து வரும்?

தில்லி போக்குவரத்துப் போலீஸார் இதில் பல ஆண்டுகளாகவே முயன்று வருகின்றனர். 2010-இல் காமன்வெல்த் போட்டிகளையொட்டி ஃபேஸ்புக் பக்கம் தொடங்கி, மக்கள் அனுப்பிய படங்களைக் கொண்டு அபராத நோட்டீஸ் அனுப்பினர். 2015-இல் செல்பேசிச் செயலி வந்தது. 2024 செப்டம்பரில் அது 'டிராஃபிக் பிரஹரி' என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டு, மாதந்தோறும் முதல் பரிசாக ரூ. 50 ஆயிரம் அறிவிக்கப்பட்டது. சிவப்பு விளக்கைத் தாண்டுவதும், தவறான இடத்தில் நிறுத்துவதும் ஒரே படத்தில் தெரிந்துவிடும். சைக்கிளை நெருக்கிச் செல்வது அப்படியல்ல. அகன்ற கோணத்தில் படம் பிடிக்கும் இத்தகைய கேமராக்களில் எல்லாமே உள்ளதைவிடத் தொலைவாகத் தெரியும். நெஞ்சு பதறக் கடந்து சென்ற லாரி, திரையில் ஒரு கெஜம் தள்ளிச் சென்றதாகவே தோன்றும்.

தலைக்கவசக் கேமராவுக்கு வேறு குறைகளும் உண்டு. அது முன்னோக்கிப் பார்க்கிறது. சாலையின் ஓரமாகச் செல்லும் சைக்கிளுக்கு ஆபத்தோ பெரும்பாலும் பின்னாலிருந்து வருகிறது. மோதிய வாகனம் முன்னே கடந்து போனால் அதன் பின்பக்கப் பதிவெண் கிடைக்கும். ஓட்டியவர் ஏற்கெனவே கீழே விழுந்து தலை வேறு பக்கம் திரும்பிவிட்டால் கிடைப்பது வானமும் தார்ச்சாலையும்தான். இரவில் முகப்பு விளக்கின் ஒளியில் எண்கள் வெளிறிப்போகும். மின்கலம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது. இதனால் இருக்கையின் அடியில் பின்னோக்கிய இன்னொரு கேமராவையும் பொருத்திக்கொள்வோர் உண்டு.

கேரளம் விதித்த தடை: தலையில் கேமராவைப் பொருத்துவதே ஆபத்து என்ற வாதமும் உள்ளது. விபத்தின்போது கேமரா இடித்து முகத்தில் காயம் ஏற்படுவதாகக் கூறி, கேரள மோட்டார் வாகனத் துறை 2022 ஆகஸ்டில் இருசக்கர வாகன ஓட்டிகளின் தலைக்கவசத்தில் கேமரா பொருத்தத் தடை விதித்தது. ரூ. 1,000 அபராதம், மூன்று மாதம் உரிமம் நிறுத்திவைப்பு என்று எச்சரிக்கப்பட்டது. சைக்கிள், மோட்டார் வாகனம் அல்ல என்பதால் அதற்கு இது பொருந்தாது. ஆயினும், காரணம் சைக்கிளுக்கும் பொருந்தும் என்பதை மறுக்க முடியாது. கைப்பிடியிலோ மார்புப் பட்டையிலோ பொருத்துவது மேல்.

கேமரா இருபக்கமும் வெட்டும் கத்தி. எதிர்த்திசையில் வந்தது, சிவப்பு விளக்கில் நிற்காதது, விளக்கின்றி இருட்டில் சென்றது என சைக்கிள் ஓட்டியின் தவறுகளையும் அதே விடியோ காட்டிவிடும். அவரது பங்குக்கு ஏற்பத் தீர்ப்பாயம் இழப்பீட்டைக் குறைக்கலாம். வாகன ஓட்டிகளிடம் கேமராவைக் காட்டி வாக்குவாதம் செய்வது இன்னும் மோசமான பலனைத் தரக்கூடும். லண்டனில் தன் சைக்கிள் பயண விடியோக்களை வெளியிட்டுப் பெயர் பெற்ற ஒலிபரப்பாளர் ஜெரமி வைன், தனக்கு வந்த வசைகளும் மிரட்டல்களும் எல்லை மீறியதால் அவற்றை வெளியிடுவதை நிறுத்துவதாக 2025-இல் அறிவித்தார். அவர் புகாரின் பேரில் ஒரு கார் ஓட்டுநருக்கு 2017-இல் சிறைத் தண்டனையே விதிக்கப்பட்டிருந்தது.

கேமரா இல்லாதவர்கள்: இவ்வளவும் கேமரா வாங்க முடிந்தவர்களின் கதை. பெயர் பெற்ற நிறுவனங்களின் கேமரா பல ஆயிரம் ரூபாய். ஓக்லா, நாராயணா, வஜீர்பூர் தொழிற்பேட்டைகளுக்குச் செல்லும் தொழிலாளியின் சைக்கிள் விலையே அதில் ஒரு பகுதிதான். இரவுக் காவல் முடிந்து, வெளிவட்டச் சாலையின் ஓரமாகப் பின்விளக்கின்றி வீடு திரும்புபவரும் சைக்கிள் ஓட்டியே. ரூ. 2 லட்சத்துக்கும் ரூ. 38 லட்சத்துக்கும் உள்ள வேறுபாடு யாரை அதிகம் பாதிக்குமோ, அவரிடம் கேமரா இல்லை. அவரது குடும்பம் நம்ப வேண்டியது சாலைச் சந்திப்புகளிலும் கடைகளிலும் உள்ள கண்காணிப்புக் கேமராக்களையே. அவற்றின் பதிவுகளும் சில நாள்களில் அழிந்துவிடும் என்பதால், விபத்து நடந்த உடனேயே அவற்றைக் கேட்டுப் பெறுவது விசாரணை அதிகாரியின் சுறுசுறுப்பைப் பொருத்தது.

சைக்கிளுக்கெனத் தனிப் பாதை அமைக்கும் முயற்சியையும் தில்லி பார்த்துவிட்டது. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. தொலைவுக்கு 2008-இல் திறக்கப்பட்ட விரைவுப் பேருந்துத் தடத்தில் சைக்கிள் பாதையும் இருந்தது. நெரிசல் நேரங்களில் மோட்டார் சைக்கிள்கள் அதில் புகுந்தன. கார் ஓட்டிகளின் தொடர் எதிர்ப்புக்கு இடையே, 2016-இல் அந்தத் தடமே இடிக்கப்பட்டது.

சைக்கிள்களில் பொருத்தும் ஒளிபிரதிபலிப்பான்களுக்குத் தரக் கட்டுப்பாடு விதித்து மத்திய அரசு 2020-இல் ஆணை பிறப்பித்தது. இது புதிய சைக்கிள்களுக்கானது. தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் ஓட்டும் பழைய சைக்கிள்களின் பின்சக்கர மறைப்பில் ஒரு சிவப்புப் பிரதிபலிப்பானைப் பொருத்த ஆகும் செலவு சில பத்து ரூபாய்.