திப்புவின் கால்சராய்

ஆகஸ்ட் 15 நெருங்கினால் பெங்களூரின் மாறுவேட உடைக் கடைகளில் காந்தி, நேருவோடு திப்பு சுல்தானுக்கும் கிராக்கி. பளபளக்கும் சாட்டின் அங்கி, ஜரிகைத் தலைப்பாகை, காலை இறுக்கிப் பிடிக்கும் வெள்ளைக் கால்சராய், அட்டை வாள். மேடையேறும் சிறுவன் கம்பீரமாகத்தான் இருக்கிறான். ஆனால் திப்பு அணிந்தது இதுதானா?

1990இல் தூர்தர்ஷனில் சஞ்சய் கான் திப்புவாக வந்த தொடர் பலர் மனதில் ஒரு சுல்தானைப் பதித்துவிட்டது. அதன் மூலமே பகவான் கிட்வானியின் நாவல். கற்பனை என்ற அறிவிப்போடு ஒளிபரப்பான தொடரில், உடையிடம் மட்டும் வரலாற்றை எதிர்பார்ப்பது சற்று அதிகம்.

ஓவியங்களை நம்பலாமா? காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் 1780இல் நடந்த போர், ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் விரிகிறது. கூட்டம் கூட்டமாக வீரர்கள். உடை ஆராய்வோருக்கு விருந்து. சிக்கல் என்னவென்றால், திப்புவுக்குப் பிறகு அங்கே தங்கிய ஆர்தர் வெல்லஸ்லி ஒருமுறை அதைச் செப்பனிட வைத்தார். 1850களில் டல்ஹவுசியின் உத்தரவில் மறுபடியும் வர்ணம் ஏறியது. எந்த மடிப்பு எந்தத் தூரிகையுடையது?

பெங்களூரில் 1791இல் முடிந்த கோடை மாளிகையின் தேக்குத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. துணிக்கு அந்த ஆயுள் இல்லை. மிஞ்சியது எழுத்து, அதுவும் பகைவருடையது.

1799 மே 4 இரவு, ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை வாயிலின் பிணக்குவியலில் விளக்கு வெளிச்சத்தில் திப்புவின் உடல் கண்டெடுக்கப்பட்டது. உடனிருந்த மேஜர் ஆலன் உடுப்பைக் குறித்துவைத்தார்: மெல்லிய வெள்ளை லினன் மேற்சட்டை, இடுப்பில் பட்டும் பருத்தியும் கலந்த சிவப்புத் துணி, தோளில் சிவப்பும் பச்சையுமான பட்டு வார். காலில், பூப்போட்ட சீட்டித் துணியில் தைத்த தொளதொள கால்சராய். தலைப்பாகை எங்கோ விழுந்துவிட்டது. கையில் தாயத்து, நகை ஏதுமில்லை.

போர்முனையில் ஒரு நாள் அணிந்தது இது. தர்பார் உடைக்கு இதைச் சாட்சியாக்க முடியாது. ஆனால் கண்ணால் கண்டு எழுதியது என்ற தகுதி சாட்டினுக்குக் கிடையாது.

பூப்போட்ட கால்சராயா என்று இன்றைய ஆண்பிள்ளை முகம் சுளிக்கலாம். தைத்த கால்சராய் துரைமார் கொண்டுவந்ததும் அல்ல. பாரசீகத்திலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் தக்காணத்தில் குடியேறியவர்கள் வெகு முன்பே அணிந்தது. சோழமண்டலக் கரையின் சீட்டிக்கோ ஐரோப்பாவே ஏங்கிக் கிடந்தது. திப்புவின் கூடாரமும் பூ வேலைப்பாடு கொண்ட சீட்டிதான். அது இப்போது வேல்ஸில், போயிஸ் கோட்டை மாளிகையில் இருக்கிறது.