அப்பா வாங்கின பிசியும் எட்டாயிரம் ரூபாயும்

நான் அஞ்சாவது படிக்கும்போது, 2014-ல் அப்பா இஎம்ஐ போட்டு வாங்கின கம்ப்யூட்டர். ஐ5-4460 பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பின்னாடி மாமா கொடுத்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு. போன வருஷம் ஜிடிஏ 5 ஓபன் ஆகவே மூணு நிமிஷம் எடுத்துச்சு. "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குடா"ன்னு ஹாஸ்டல்ல எல்லாரும் சொன்னாங்க. கையில் இருந்ததோ இன்டர்ன்ஷிப் காசில் மிச்சம் 8,000 ரூபாய்.

நேரா கிராஃபிக்ஸ் கார்டு வாங்கத்தான் கிளம்பினேன். நல்லவேளை, அதுக்கு முன்னாடி கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். டிஸ்க் 100%, ரேம் 95%, ஆனா கார்டு பாதி நேரம் சும்மா இருந்தது. ரேம் நிரம்பினதும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் தள்ளும். டிடிஆர்3-1600 ரேம் ஒரு சேனலில் நொடிக்கு 12.8 ஜிபி கொடுக்கும். ஹார்ட் டிஸ்க் 150 எம்பி தாண்டினாலே பெரிசு. கேம் திக்கித் திக்கி ஓடினதுக்கு இதுதான் காரணம், கார்டு இல்லை.

அதனால் முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி. நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும். பழைய போர்டில் எல்லா சாட்டா போர்ட்டும் ஒரே வேகம் கிடையாது. மேனுவலைப் பார்த்து 6 ஜிபிபிஎஸ் போர்ட்டில்தான் செருகணும். அடுத்து, பழைய மார்க்கெட்டில் இன்னொரு 4 ஜிபி ரேம். ரெண்டு ஸ்டிக் இருந்தா டூயல் சேனல், அதாவது வேகமும் ரெட்டிப்பு. பிராசஸர் 90 டிகிரியைத் தாண்டிட்டு இருந்துச்சு. ஃபேனில் இருந்த தூசியைத் தட்டி, காய்ஞ்சு போன தெர்மல் பேஸ்ட்டை மாத்தினதும் 70-க்கு இறங்கிச்சு. இப்போ அதே கேம் ஒரு நிமிஷத்துக்குள் ஓபன் ஆகுது.

இதுக்கு அப்புறம்தான் கார்டு 99% காட்ட ஆரம்பிச்சது. இங்கேதான் கவனம் வேணும். என் எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட்னு பெரிசா எழுதியிருக்கு. ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் 15 ஆம்பியர். பெருக்கிப் பாருங்க, 180 வாட்தான்! பிராசஸருக்கே 84 வாட். தனி பவர் கேபிள் கேட்கிற கார்டைப் போட்டிருந்தா போர்டோட சேர்த்துப் போயிருக்கும். அதனால் ஸ்லாட்டில் வர்ற 75 வாட்டிலேயே ஓடுற ஜிடிஎக்ஸ் 1650, செகண்ட் ஹேண்ட். 1650-லயும் சில மாடல் 6-பின் கேட்கும், பார்த்து வாங்குங்க. புதுசா கிடைக்குதேன்னு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீங்க. அது வெறும் நாலு லேன்தான் பயன்படுத்தும். என் எச்81 போர்டு மாதிரி பிசிஐஇ 2.0 இருந்தா மூச்சு முட்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினா, பத்து நிமிஷம் ஃபர்மார்க் ஓடவிட்டுப் பார்த்துட்டுக் காசு கொடுங்க. ஜிபியு-இசட்டும் போட்டுப் பாருங்க. பழைய சிப்புக்குப் புதுப் பேர் எழுதி விக்கிற கார்டுகளை அது காட்டிக் கொடுத்துடும்.

பிராசஸரை மட்டும் நான் தொடலை. அதே சாக்கெட்டில் ஐ7-4790 உட்காரும். ஆனா விண்டோஸ் 11-க்கு அதுவும் தகுதி இல்லை, விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-லேயே முடிஞ்சிருச்சு. புது பிராசஸர்னா போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ்னு மொத்தமும் மாறணும். இப்போதைக்கு லினக்ஸ் போட்டு ஸ்டீம் புரோட்டான்ல விளையாடுறேன். வேலோரன்ட் மட்டும் அதில் ஓடாது. அதுக்கு ரூம்மேட் லேப்டாப்தான்.